நீலக் கோடு – 6: கடல் தாண்டிய சாந்தோம்

பிள்ளைப்பாக்கத்தில் காலை ஐந்தே முக்காலுக்கெல்லாம் முதல் ஷிப்ட் பஸ்கள் வரத் தொடங்கிவிடும். டீக்கடை வெளிச்சத்தில் நிற்கிற எல்லார் மேலும் யூனிஃபார்ம்தான். சாம்பல் சட்டை, கருநீல பேன்ட், சிலருக்கு வெளிர்நீலம்.

போன வாரம் எனக்கு முன்னால் நின்றிருந்த பெண்ணின் சட்டை முழங்கைப் பக்கம் கிழிந்து தைக்கப்பட்டிருந்தது. உள்பக்கம் ஒரு துண்டுத் துணி வைத்து, அரிசி நீளத்துக்கு ஒரு தையல், அரிசி நீளத்துக்கு ஓர் இடைவெளி என்று வரிசை வரிசையாக நூல் ஓட்டியிருந்தார். ஒரு வரிசைகூடக் கோணவில்லை. பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

அந்த முழங்கையை நான் இன்னும் மறக்கவில்லை. அதே தையலை, அதே மாதிரி உள்பக்கம் வைத்த ஒட்டை, இன்னொரு சட்டையில் பார்த்திருக்கிறேன். ஜப்பானில் வயலில் உழைத்த ஒரு பாட்டியின் சட்டை அது.

* * *

தொடரை இந்த வாரம்தான் கையில் எடுக்கிறவர்களுக்கு, இதுவரை நடந்த கதை.

எங்கள் தெருவில் மாடி வீட்டில் வாடகைக்கு இருந்த ஜப்பானியப் பொறியாளர், ஊருக்குப் போய்த் திரும்பும்போது தன் பாட்டியின் வயல் உடுப்பைக் கொண்டுவந்தார். அவருக்கு ஊர் ஐச்சி மாநிலம். வயல் உடுப்பை அவர்கள் ‘நோராகி’ என்கிறார்கள். நோரா என்றால் வயல்வெளி. இடுப்புக்குச் சற்றுக் கீழே இறங்கும் பருத்திச் சட்டை, பொத்தான் கிடையாது. கருநீலத்தின் மேல் மெல்லிய சிவப்பும் வெள்ளையுமாகக் கோடுகள். தோளிலும் முழங்கையிலும் ஒட்டுகள். “இது என்ன தெரியுமா சார்?” என்று அந்தக் கோட்டின் மேல் விரலை ஓட்டி அவர் சொன்ன ஒரே சொல்லில்தான் இந்தத் தொடர் தொடங்கியது. ‘சான்தொமே.’

அந்தச் சொல்லுக்குப் பின்னால் போனபோது முதலில் எதிர்ப்பட்டவன் ஓர் இளைஞன். கி.பி. 799இல், இன்றைய ஐச்சி மாநிலத்தின் ஒரு பகுதியான மிக்காவா கரையில் சிறு படகு ஒன்று ஒதுங்கியது. அதில் இருந்தவனுக்கு இருபது வயதிருக்கும். இடது தோளில் துறவியின் மேலாடைபோலக் கருநீலத் துணி. கையில் ஒற்றைத் தந்தி இசைக்கருவி. மொழி புரியவில்லை. பேசக் கற்ற பிறகு தன் நாடு ‘தென்ஜிக்கு’ என்றான், அதாவது இந்தியா. அவன் மூட்டையில் புல் விதை மாதிரி ஏதோ இருந்தது. பருத்தி விதை! மறு ஆண்டே அதைத் தெற்கு மாகாணங்களில் விதைத்தார்கள். பயிர் நிலைக்கவில்லை.

அதற்குப் பிறகும் நூற்றாண்டுக் கணக்கில் ஜப்பானியக் குடியானவர்கள் சணல் வகை நாரையும் காட்டுக்கொடிப் பட்டையையும் நெய்து உடுத்தினார்கள். கொரியா வழியாக மீண்டும் வந்த பருத்தி 16ஆம் நூற்றாண்டில்தான் வேர் பிடித்தது. அப்போது பெயர் வாங்கிய பருத்தி எந்த ஊருடையது என்கிறீர்கள்? அதே மிக்காவா.

1628இல் ஜப்பானை ஆண்ட படைத்தலைவரான ஷோகுனின் அரசு ஆணை போட்டது: குடியானவர்கள் நார்த்துணியும் பருத்தியும்தான் உடுத்த வேண்டும், பட்டு கூடாது. ஊர்த் தலைவர் வீடுகளுக்கு முரட்டுப் பட்டுக்கு அனுமதி உண்டு.

சென்ற வாரம் இங்கேதான் நிறுத்தினோம். ஜப்பானிய வயலில் உழைத்த சட்டையின் கோட்டுக்கு ஏன் மயிலாப்பூர்க் கரையின் பெயர்?

* * *

சான்தொமே என்பது நம் சாந்தோமேதான். அதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

பிள்ளைப்பாக்கத்திலிருந்து பூந்தமல்லி வழியாகப் பஸ் ஏறினால் கிழக்கே கடற்கரையில் அந்த இடம். 1520களில் போர்த்துகீசியர் புனித தோமாவின் கல்லறையைச் சுற்றிக் குடியேறி, ‘மயிலாப்பூரின் சாவ் தொமே’ என்று பெயர் வைத்தார்கள். 1543இல் போர்த்துகீசியர் ஜப்பானில் கால் வைத்தார்கள். கோவா, மலாக்கா, மக்காவ், நாகசாகி என்று கடல்வழி ஒன்று உருவானது. அந்த வழியில் நம் கரையின் துணியும் ஏறியது.

துணி எங்கே நெய்யப்பட்டது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. எந்தத் துறைமுகத்தில் ஏற்றினார்கள் என்பதுதான் தெரியும். அதுவே துணிக்குப் பெயராகிவிடும். பழவேற்காட்டில் கப்பலேறிய கட்டம் போட்ட துணி மலாய்க்காரருக்கு இன்றும் ‘காயின் பெலிக்காட்’. ஜப்பானில் வங்காளத்துக் கோடு ‘பெங்காரா’ ஆனது. கொங்கணத்துச் சவுல் துறைமுகத்துக் கோடு ‘சாவு’ ஆனது. சாந்தோமின் கோடு ‘சான்தொமே’.

இதைவிட வியப்பான சொல் ஒன்று உண்டு. கோட்டுக்கு ஜப்பானிய மொழியில் முன்பு ‘சுஜி’ என்று பெயர். நரம்பு, இழை என்ற பொருள் தரும் சொல். இன்றைக்கு யாரைக் கேட்டாலும் ‘ஷிமா’ என்பார்கள். ஷிமா என்றால் தீவு! தெற்கே தீவுகளின் பக்கமிருந்து வரும் சரக்கு என்று கப்பல் துணியைச் சொல்லத் தொடங்கி, கடைசியில் கோட்டுக்கே அது பெயராகிவிட்டது. ஒரு மொழி தன் அன்றாடச் சொல் ஒன்றையே மாற்றிக்கொள்ளும் அளவுக்கு அந்தத் துணி கண்ணில் பட்டிருக்கிறது.

1639இல் ஜப்பான் போர்த்துகீசியரை அடியோடு வெளியேற்றியது. 1662இல் கோல்கொண்டாப் படை சாந்தோமைப் பிடித்தது. பிறகு பிரெஞ்சுக்காரர், அவர்களை முற்றுகையிட்ட டச்சுக்காரர். கோட்டை கை மாறிக்கொண்டே இருந்தது. பெயரை வைத்தவர்களுக்கு ஜப்பானில் இடமில்லை. பெயருக்குரிய ஊரும் தளர்ந்துவிட்டது. ஆனாலும் ஜப்பானியத் துணிக்கடைக்காரர் ‘சான்தொமே’ என்று சொல்லித்தான் விற்றுக்கொண்டிருந்தார்.

* * *

போர்த்துகீசியர் விட்ட இடத்தில் டச்சுக்காரர் தொடர்ந்தார்கள். 1613இல் பழவேற்காட்டில் ‘கெல்ட்ரியா’ கோட்டை எழுந்தது. அங்கே அவர்களுக்குத் துணி சேர்த்துக் கொடுத்த பெரும் வணிகர் அச்சுதப்பச் செட்டி. டச்சு ஆவணங்களில் அவர் பெயர் ‘மலாயா’. அவருக்குப் பின் தம்பி சின்னண்ணச் செட்டி. டச்சுக் கம்பெனியிடம் முன்பணம் வாங்கி, உள்நாட்டுத் தறிகளுக்குக் கொடுத்து, துணி வந்ததும் கணக்குத் தீர்ப்பது அவர்கள் வழக்கம்.

கணக்கேட்டில் வணிகர் பெயர் இருக்கிறது. கப்பல் பெயர் இருக்கிறது. துணி எத்தனை உருப்படி, என்ன விலை என்பது இருக்கிறது. நெய்தவர் பெயர் மட்டும் இல்லை. கைக்கோளர், சாலியர், தேவாங்கர், சேணியர் என்று சாதிப் பெயராக மட்டுமே அவர்கள் வரலாற்றில் தென்படுகிறார்கள். இதை எழுதும்போது எனக்கு மனசு ஆறவில்லை. ஒரு நாட்டின் அகராதியையே அசைத்தவர்களில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

அவர்கள் செய்த வேலை என்ன என்பதையாவது சொல்லிவிடுகிறேன்.

நீலம் அவுரியிலிருந்து வந்தது. திண்டிவனம் பக்கம் இன்றும் பயிராகிற அதே அவுரிதான். இலையைத் தொட்டியில் ஊறவைத்து, கலக்கி, அடியில் படிகிற வண்டலைக் கட்டியாக்கிக் காயவைப்பார்கள். அந்தக் கட்டி தண்ணீரில் கரையாது. அதை மறுபடி உயிர்ப்பிக்க வேண்டும். சுண்ணாம்பும் உவர்மண் தெளிவும் சேர்த்து, தகரை விதையை வேகவைத்து ஊற்றுவார்கள். விதை புளிக்கப் புளிக்கத் தொட்டியில் ஒரு வாடை கிளம்பும். நீர் மஞ்சள் கலந்த பச்சையாக மாறும். நூலை முக்கி எடுத்தால் முதலில் பச்சையாகத்தான் இருக்கும். காற்று படப்பட, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலமாகும்.

சிவப்பு, கரையோர மணலில் வளரும் சாயவேரிலிருந்து. அதற்குப் படிகாரம் போன்ற காரம் பிடிக்க வேண்டும். நீலத்துக்கு அது தேவையில்லை. இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள். கதையின் திருப்பம் இதில்தான் இருக்கிறது.

பிறகு நூல். நம் பெண்கள் ராட்டையில் இழைத்தது மெல்லிய நூல். நெருக்கமாக நெய்து, கஞ்சி ஏற்றி, மரக்கட்டையால் தட்டித் தட்டி மெருகு கொடுத்தார்கள். பருத்தியா பட்டா என்று தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். ஜப்பானியருக்கு அந்த மினுமினுப்புத்தான் பிடித்துப்போனது.

* * *

இப்போது நாகசாகி.

துறைமுகத்தில் விசிறி வடிவில் ஒரு செயற்கைத் தீவு, பெயர் தேஜிமா. ஏறத்தாழ 120 மீட்டர் நீளம், 75 மீட்டர் அகலம். 1641 முதல் டச்சுக்காரர்கள் அதற்குள்தான் இருக்க வேண்டும். கரைக்குப் போக ஒரே பாலம், அதில் காவல். ஐரோப்பியருக்கு ஜப்பானுக்குள் வேறு வாசல் இல்லை.

கோடைக்காலத் தென்மேற்குக் காற்றில் பத்தாவியாவிலிருந்து, அதாவது இன்றைய ஜகார்த்தாவிலிருந்து, கப்பல் வரும். 1715இல் வந்த சட்டம் ஆண்டுக்கு இரண்டே டச்சுக் கப்பல் என்று வரம்பு கட்டியது. ஒரு தேசம் முழுக்க ஆசைப்படுகிற சரக்கு இரண்டு கப்பலில் வந்தால் விலை என்ன ஆகும்?

சாந்தோம் துணி முழு உடுப்பாகக் கிடைத்தது பெரும் வணிகர்களுக்குத்தான். மற்றவர்களுக்கு ஒரு சாணோ இரண்டு சாணோ. அதைப் புகையிலைப் பையாகத் தைத்து இடுப்பில் செருகினார்கள். ‘எதோ’ (இன்றைய தோக்கியோ) நகரத்து வணிகர்களுக்கு இந்தக் கோடு பெரிய வரப்பிரசாதம். பகட்டு கூடாது என்று சட்டம் அவர்களையும் விரட்டிக்கொண்டே இருந்தது. சாந்தோமோ பருத்தி. நிறமும் அடர்ந்த நிறம். அதிகாரி தூரத்திலிருந்து பார்த்தால் எளிய துணி, கிட்டே வந்து பார்க்கத் தெரிந்தவனுக்குத்தான் அதன் விலை தெரியும். சட்டத்தை மீறாமலே மிடுக்காக உடுத்த அதைவிட என்ன வேண்டும்? ‘தோசான்’ என்று செல்லப் பெயரும் வைத்தார்கள். அந்தப் பெயரின் ‘சான்’ நம் சாந்தோமின் மிச்சம்.

இந்தக் கட்டத்தில் நம் பாட்டியின் சட்டை எங்கும் இல்லை. சாந்தோம் கோடு பணக்காரர் இடுப்பில் இருக்கிறது, குடியானவர் வயலில் இருக்கிறார். நடுவில் பெரிய பள்ளம்.

அந்தப் பள்ளத்தைத் தாண்டவைத்தது நகல்.

* * *

நம் கரையிலிருந்து ஜப்பானுக்குப் போன துணி இரண்டு வகை. ஒன்று பூவும் கொடியும் வரைந்த சித்திரத் துணி. ஜப்பானில் அதற்கு ‘சராசா’ என்று பெயர். இன்னொன்று கோடு.

சராசாவை நகலெடுப்பது எளிதல்ல. பருத்தியில் சிவப்பு பிடிக்க எந்தக் காரத்தை எப்போது பூச வேண்டும், மெழுகை எங்கே வைக்க வேண்டும், எத்தனை நாள் வெயில், எத்தனை தண்ணீர் என்பதெல்லாம் இந்தக் கரையின் கைகளுக்குள் இருந்த அறிவு. துணியைப் பார்த்து அதைப் படித்துவிட முடியாது.

கோடு அப்படி இல்லை. அதன் ரகசியம் முழுக்க அதன் முகத்திலேயே எழுதியிருக்கிறது. காஞ்சிபுரத்தில் தெருவில் பாவு விரித்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். பாவு ஓட்டும்போதே கோடு முடிவாகிவிடும். இருபது இழை நீலம், இரண்டு சிவப்பு, நான்கு நீலம், ஒரு வெள்ளை என்று எண்ணி விரித்துவிட்டால் போதும். பிறகு ஊடையில் ஒரே நிறத்தை ஓட்டிக்கொண்டே போகலாம். தறியில் எந்த மாற்றமும் வேண்டாம். கையளவு துண்டு கிடைத்தாலும் இழை எண்ணிப் படித்துவிடலாம்.

சாயமும் ஒத்துழைத்தது. பட்டில் பளிச்சென்று ஏறும் பல நிறங்கள் பருத்தியில் ஒட்டாது. நீலம் மட்டும் காரத்தின் துணையில்லாமலே பருத்தியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அது ஜப்பானில் ஊருக்கு ஊர் இருந்தது.

கியோத்தோவின் நிஷிஜின் தறிக்காரர்கள் ‘கியோ-சான்தொமே’ நெய்தார்கள். அங்கிருந்து மினோ, ஓவாரி மாகாணங்களுக்குப் பரவியது. ஓவாரி என்பது ஐச்சி மாநிலத்தின் மேற்குப் பாதி. எங்கள் தெருப் பொறியாளரின் பாட்டி வாழ்ந்த பக்கம். 19ஆம் நூற்றாண்டில் அந்தக் கிராமங்களில் சான்தொமே கோடு வீட்டு நெசவாகவே ஆகிவிட்டது.

ஆனால் நகல் மூலத்தைப் போல வரவில்லை. ஜப்பானியப் பருத்திக்கு இழை குட்டை. கையால் நூற்றால் நூல் தடித்துத்தான் வரும். நம் கரையின் மெல்லிய நூலை அவர்களால் எட்ட முடியவில்லை. மினுமினுப்புப் போனது. துணி முரடானது.

நகரத்து ரசிகருக்கு அது குறை. வயலுக்கு? சேற்றிலும் முள்ளிலும் இழுபடுகிற உடம்புக்குத் தடித்த துணிதானே வேண்டும்! சாந்தோம் கோடு வயலில் இறங்கியது அந்தத் தடித்த நூலைப் பிடித்துத்தான் என்பது என் கணிப்பு. மெல்லிய நூலாகவே இருந்திருந்தால் அது இடுப்புப் பையோடு நின்றுபோயிருக்கும்.

* * *

‘ஷிமாச்சோ’ என்று ஒரு பொருள் உண்டு. கோட்டேடு என்று சொல்லலாம். பழைய கணக்குப் புத்தகத்தின் தாள்களில், விரலளவு துணித் துண்டுகளை வரிசையாக ஒட்டி வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கோட்டு வகை. கிராமத்துப் பெண்கள் தாங்கள் நெய்ததையும், கண்ணில் பட்டுப் பிடித்துப்போனதையும் வெட்டி ஒட்டிச் சேர்த்த ஏடு. தாயிடமிருந்து மகளுக்கு, மாமியாரிடமிருந்து மருமகளுக்கு. நம் வீடுகளில் கோல நோட்டு இருக்குமே, அது மாதிரி.

அவற்றில் ‘யத்தாரா’ என்றொரு கோடு எனக்கு மிகவும் பிடிக்கும். முறைவைப்பு இல்லாத கோடு. நெய்து மிஞ்சிய நூல்களை, எந்த நிறம் எவ்வளவு இருக்கிறதோ அப்படியே பாவில் சேர்த்துவிடுவார்கள். ஒரு இழையையும் வீணாக்க மனசில்லாதவர்கள் கண்டுபிடித்த அழகு அது.

சாயத்துக்கு ஊர்ச் சாயக்காரர் இருந்தார், ‘கோன்யா’ என்று பெயர். ஜப்பானில் நீலம் தரும் செடி அவுரி அல்ல, வேறு குடும்பத்துச் செடி. ஷிகோகு தீவின் அவா மாகாணத்தில் அதன் இலையைக் குவித்து, நீர் தெளித்துப் புரட்டிப் புரட்டி, மாதக்கணக்கில் மக்கவைப்பார்கள். அந்தக் கருப்பு மக்கைத் தொட்டியில் இட்டு, மரச்சாம்பல் நீரும் சுண்ணாம்பும் கோதுமைத் தவிடும் சேர்த்தால் தொட்டி புளித்து நுரைக்கும். இங்கே தகரை விதை செய்த வேலையை அங்கே தவிடு செய்தது. செடி வேறு, கடல் வேறு. புளிக்கவைத்தால்தான் நீலம் இறங்கும் என்ற அறிவு இரண்டு கரையிலும் ஒன்று.

நீலத்தின் அளவுகளுக்கு அவர்கள் வைத்த பெயர்களில் ஒன்று ‘கமேநோசொக்கி’. தொட்டியை எட்டிப் பார்த்தது என்று பொருள். நூல் ஒரே ஒரு முறை தலையை நீட்டிப் பார்த்துவிட்டு வந்ததாம். அத்தனை வெளிர் நீலம். பத்து, இருபது முறை முங்கி எழுந்தால்தான் வயலுக்குரிய ‘கோன்’, கருநீலம். அந்த வாடைக்குப் பூச்சியும் பாம்பும் அண்டாது என்று குடியானவர்கள் நம்பினார்கள்.

துணி தறியிலிருந்து இறங்கும்போது அகலம் ஒரு முழத்துக்கும் குறைவு, ஏறத்தாழ 36 சென்டிமீட்டர். நீளம் பன்னிரண்டு மீட்டர் அளவுக்கு. அந்த ஒரு சுருளில் ஓர் ஆளுக்கு முழு உடுப்பு. வளைவாக எதையும் வெட்ட மாட்டார்கள். முதுகுக்கு இரண்டு பட்டை, கைக்கு இரண்டு, கழுத்துக்கு ஒன்று. எல்லாம் நேர்க்கோடு. பொறியாளர் அந்தச் சட்டையை எங்கள் கூடத்துத் தரையில் விரித்தபோது, தையலைப் பிரித்து நுனியோடு நுனி சேர்த்தால் மறுபடி ஒரே நீளத் துணியாகிவிடும் என்று காட்டினார்.

அதில்தான் சூட்சுமம். ஓரம் தேய்ந்தால் தையலைப் பிரித்துத் துவைத்து, தேய்ந்த பக்கத்தை உள்ளே மடித்து, திருப்பித் தைப்பார்கள். பெரியவர் உடுப்பு பிள்ளைக்கு ஆகும். கிழிந்தால் ஒட்டு. ஒட்டின் மேல் ஒட்டு. தைக்க முடியாத அளவு நைந்தால் நாடா நாடாவாகக் கிழித்து அதையே ஊடையாக ஓட்டி நெய்வார்கள். அதற்கு ‘சாகியோரி’ என்று பெயர். கிழித்து நெய்தது.

அந்தப் பாட்டியின் சட்டைத் தோளில் நான் எண்ணிய வரை ஐந்து அடுக்கு ஒட்டு இருந்தது. ஐந்தும் ஐந்து விதக் கோடு. சுமை தூக்கும் கழி உட்காருகிற இடம் அது. அரிசி நீளத் தையல் ஐந்தையும் சேர்த்துக் கோத்திருந்தது. மேலே விரல் வைத்தால் துணியாகத் தெரியவில்லை. காய்த்துப்போன உள்ளங்கையாகத் தெரிந்தது.

* * *

இதுவரை சொன்னது பருத்தி விளையும் மத்திய, தெற்கு ஜப்பானின் கதை. வடக்கே போனால் கதை தலைகீழ்.

ஹொன்ஷு தீவின் வட முனையில், இன்றைய அவோமோரி மாநிலத்தின் மேற்கே, த்சுகாரு. ஹிரோசாகி கோட்டையிலிருந்த பிரபுவின் ஆட்சிப் பகுதி. அங்கே பனி மாதக்கணக்கில் கிடக்கும். பருத்திச் செடி அந்தக் குளிரில் பிழைக்காது. தோட்டத்தில் விளைந்த சணல் வகை நாரை நூற்று, நெய்து, நீலம் ஏற்றி, கோடையிலும் குளிரிலும் அதையே உடுத்தினார்கள். நார்த்துணியில் இழைக்கும் இழைக்கும் நடுவே கண் தெரியும். நம் ஊர் வெயிலுக்கு அது சுகம். உறைபனிக் காற்றுக்கு அது திறந்த ஜன்னல்.

பருத்தி வடக்கே வந்தது கந்தலாக. ஒசாக்காவில் பழந்துணி வணிகர்கள் மூட்டை கட்டி, ஜப்பான் கடல் கரையோரமாக வடக்கே போகும் ‘கித்தமாயே’ கப்பல்களில் ஏற்றினார்கள். யாரோ உடுத்திக் கழித்த துணியின் ஒரு துண்டு வடக்கத்திய வீட்டில் பொக்கிஷம்.

திரும்பி வரும் கப்பலில் என்ன சரக்கு? மீன். ஹொக்காய்தோ கடலில் பிடித்த ஹெர்ரிங் மீனை வேகவைத்துப் பிழிந்த பிண்ணாக்கு. பருத்தியும் நீலச்செடியும் நிலத்தின் சத்தை உறிஞ்சிவிடும் பயிர்கள். அவற்றுக்கு உரம் அந்த மீன் பிண்ணாக்கு. வடக்கின் மீன் தெற்கில் பருத்தியாகும், பருத்தி துணியாகும், துணி தேய்ந்து கந்தலாகி வடக்கே போகும். 18ஆம் நூற்றாண்டு முழுக்க இந்தச் சுழற்சி பெருகிக்கொண்டே போனது. சாந்தோமின் பெயர் தாங்கிய கோடும் அந்த மூட்டைகளில் துண்டு துண்டாக வடக்கே போயிருக்கும் என்றே நினைக்கிறேன்.

ஆனால் த்சுகாருவின் குடியானவப் பெண் அதை வெளிப்படையாக உடுத்த முடியாது.

1724. ஹிரோசாகி ஆட்சி குடியானவர்களுக்கான சிக்கனச் சட்டத்தை வெளியிட்டது. யார் எதை உண்ணலாம், எதை உடுத்தலாம் என்று ஒவ்வொன்றாக வரையறுத்த சட்டம். உழவர் உடுப்பு நார்த்துணிதான். பருத்தி உடுப்புக் கூடாது.

ஷோகுன் அரசின் பழைய ஆணை ஏழைக்குப் பட்டைத்தான் மறுத்தது, பருத்தியை விட்டுவைத்தது. த்சுகாரு அதையும் பறித்தது. வெளியே இடுப்பளவு பனி. உள்ளே கண் தெரியும் துணி. பிள்ளைகளுக்கும் அதே துணி.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு வீட்டுக்குள் போய் உட்காருவோம். நடுவே தரையைக் குழித்த அடுப்பு. அதன் வெளிச்சத்தில் ஒரு பெண் கருநீல நார்த்துணியை மடியில் விரித்திருக்கிறாள். கையில் ஊசி. துணியின் இழைகளை எண்ணுகிறாள். ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு. ஒற்றைப்படையாக மட்டும் எண்ணுகிறாள்.

அவள் அருகே சிறு நூற்கண்டு ஒன்று கிடக்கிறது. வெள்ளை நிறம். பருத்தி நூல்.

சட்டம் தடுத்தது பருத்தி உடுப்பை. நூலைப் பற்றி அது என்ன சொன்னது?

(அடுத்த வாரம்)